தோள் எறங்குன சட்டை

ஈரோடு வரைக்குங்களா? நல்லதாப் போச்சுங்க, நானும் அங்கதான். சித்தெ சன்னல் பக்கம் தள்ளிக்குங்க.

அந்தா, படிக்கிட்ட கம்பியப் புடிச்சுட்டு நிக்குதுங்களே ஒரு பொம்பளை, கழுத்துல கார்டு மாட்டிட்டு, பாத்தீங்களா? அய்யோ, அப்படித் திரும்பிப் பாக்காதீங்க, தப்பா எடுத்துக்கும். நான் ஆளைச் சொல்லலைங்க. சட்டையச் சொல்றேன். தோளு எங்க கெடக்குது பாருங்க. முழங்கைக்கு நாலு வெரக்கடை மேல கெடக்குது. தோளு தோள்ல இருக்கோணுமா இல்லீங்களா? கை அந்தப் பைக்குள்ள எங்கியோ இருக்குது. கீழ பேண்ட்டு, ரெண்டு காலுக்கும் ரெண்டு சாக்கு. பஸ்ஸையே பெருக்கிட்டு வருது. தூ, கண்றாவி. காத்தால தின்ன இட்டிலி மேல வருதுங்க எனக்கு.

நான் சும்மா வாய்க்கு வந்ததப் பேசற ஆளில்லைங்க. எனக்குத் தொழிலே அதுதான். திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். முப்பத்தியோரு வருசமாச்சு. பேரு சென்னியப்பன், ஆனா மாஸ்டர்னு கேட்டாத்தான் காம்பவுண்டுக்குள்ள ஆளுக்குத் தெரியும். அதுலயும் பொம்பளைங்க உடுப்புல என்னைய அடிச்சுக்க ஆளில்லை. எங்கியோ வெளிநாட்டுல ஒருத்தி, மூஞ்சி தெரியாது, பேரு தெரியாது, காயிதத்துல அளவு மட்டும் வரும். அதைய வெச்சு நான் வெட்டுனன்னா அங்க போயி அவ ஒடம்புல அப்படியே ஒக்காந்துக்கும். அந்தக் கையிங்க இது.

இந்தக் கையி போன தை மாசம் பட்ட அசிங்கத்தக் கேளுங்க.

ஒரு ஆர்டர் வந்துச்சு. பொம்பளைங்க டீ-சர்ட்டு, ஆறாயிரம் பீஸு. அளவுக் காயிதத்த எடுத்துட்டு மிருதுளான்னு ஒரு புள்ளை வந்துச்சு. மெர்ச்சண்டைசர்ம்பாங்க, ஆர்டர் குடுக்கறவன்கிட்டப் பேசறது, சாம்பிள் அனுப்பறது, சரக்குக் கெளம்பற வரைக்கும் கூடவே நிக்கறது, அதுதான் அதும்பட வேலை. தேனிப்பக்கம். இருபத்தஞ்சு இருபத்தாறு வயசிருக்கும். வெடுக்குனு பேசாத புள்ளைதானுங்க. ஆனா உடுப்பு இருக்குதே! அவுங்கப்பன் சட்டையப் போட்டுட்டு வந்திருச்சான்னு மொத நாளு நானே கேட்டுப்போட்டேன். "இல்லீங்க மாஸ்டர், கடையில வாங்குனதுதான்"னு சிரிக்குது. காசு குடுத்து வாங்கியிருக்குதுங்க அதைய. சோளக்காட்டுல குருவி வெரட்டறதுக்கு ஒண்ணு நட்டு வெப்பமே, அது மாதிரி கம்பெனிக்குள்ள நடந்து வரும்.

காயிதத்தப் பாத்தேன். மாரு அளவு ரெட்டை நாடி ஆம்பளைக்கு வர்ற அளவு. தோளு மூணு இஞ்சு கீழ எறங்கோணுமாம். கை முழங்கை வரைக்கும் தொங்கோணுமாம்.

"ஏங் கண்ணு, இது ஆம்பளைக்கா பொம்பளைக்கா?"ன்னேன்.

"பொம்பளைங்களுக்குத்தான் மாஸ்டர். எஸ் சைஸ்."

"இதுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கலாமே. எவனோ காயிதத்த மாத்தி அனுப்பிப்போட்டான், கேட்டுப் பாரு."

"கேட்டுட்டேன் மாஸ்டர். ஓவர்சைஸ்தான். இப்ப அதுதான் போகுது."

கேட்டுட்டேங்குது. முப்பத்தியோரு வருசம் கத்திரி புடிச்ச எனக்கு அந்தப் புள்ளை சொல்லுது. சரின்னு ஒரு சாம்பிள் காயிதத்துல இருக்கற மாதிரியே வெட்டித் தைச்சுக் குடுத்தேன். குடுக்கறப்பவே கையி கூசுச்சு. அதையப் பாத்துட்டு ஆர்டர்காரன் திருந்துவான்னு நெனைச்சேன். நாலாம் நாளு பதில் வருது. நல்லாருக்குது, இன்னும் ஒரு இஞ்சு லூஸ் பண்ணுங்கன்னு. இன்னும் ஒரு இஞ்சு! எனக்கு அருவருப்பா போச்சுங்க. பொம்பளைக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்குது, தோளுன்னு ஒண்ணு இருக்குது, அதைய எடுத்துக் காட்டறதுக்குத்தான் தையக்காரன். மூட்டை கட்டறதுக்கு மண்டியில ஆளு இருக்கறாங்க.

அப்பறம்தான் நான் ஒரு முடிவு பண்ணுனேன். யாருகிட்டயும் சொல்லலை. மொத்தமா வெட்டறதுக்குத் துணி மேல வெக்கற அளவு அட்டை போடறப்ப பக்கத்துக்கு ரெண்டு இஞ்சு உள்ள எடுத்தேன். தோளத் தூக்கித் தோள்ல வெச்சேன். கையக் கொறைச்சேன். அவ்வளவுதான். அந்தச் சட்டைக்கு அப்பத்தானுங்க உசுரு வந்துச்சு. சரக்கு அங்க போயிச் சேரட்டும், போட்டுப் பாக்கறவளுங்க கண்ணாடி முன்னால நின்னு அசந்து போவாளுங்க, எவன் வெட்டுனதுன்னு கேப்பாளுங்கன்னு நெனைச்சேன். துணியும் எத்தனை மிச்சம்! ஒரே நாள்ல ஆயிரத்தி நூறு பீஸு வெட்டித் தையலுக்கு அனுப்பிச்சுட்டேன்.

மறுநா பொழுதோட செக்கிங் மேசையில மாட்டிக்கிச்சு. அங்க இருக்கற பொம்பளைங்க டேப்பு வெச்சுப் பாத்திருக்கறாங்க. காயிதத்துல ஒண்ணு, சட்டையில ஒண்ணு. கூட்டிட்டுப் போயி மொதலாளி ரூம்புல நிறுத்தீட்டாங்க. சின்ன மொதலாளி, என்ற பையன் வயசு.

"மாஸ்டர், அட்டை மாறிப் போச்சுங்களா?"

"மாறலைங்க. நாந்தான் சரி பண்ணுனேன்."

"சரி பண்ணுனீங்களா?"

"தப்பா இருந்துச்சுங்க. துணி எத்தனை மிச்சம் பண்ணியிருக்கறேன், கேளுங்க."

"உங்களை யாரு மிச்சம் பண்ணச் சொன்னது? வெட்டுன துணியப் பெருசாக்க முடியுங்களா மாஸ்டர்?"

அந்த எடத்துல அந்த மிருதுளாப் புள்ளை குறுக்க வந்துச்சு. "சார், வெட்டறதுக்கு முன்னாடி அட்டைய நானும் ஒரு தடவை அளந்து பாத்திருக்கோணும். மாஸ்டராச்சேன்னு விட்டுட்டேன். என் மேலயும் தப்பிருக்கு"ன்னுச்சு. பாத்தீங்களா? கடைசியில தன்ற வாயாலயே ஒத்துக்கிச்சு தப்புன்னு. எனக்கு அது ஒண்ணுதானுங்க அன்னைக்கு ஆறுதலு. மொதலாளி என்னைய வூட்டுக்கு அனுப்பற யோசனையில இருந்தாருன்னு அப்பறம் ஆபீஸ்ல சொன்னாங்க. ஏனோ அனுப்பலை. மூணு நாள்ல திரும்ப வெட்டிக் குடுங்கன்னு விட்டுட்டாரு.

மூணு நாளும் அந்தப் புள்ளை என்ற கூடவே நின்னுச்சு. துணியோட அந்தக் கோடியப் புடிச்சுக்கும், விரிக்கும், அளக்கும். தன்ற சட்டையில தொங்கற கையச் சுருட்டி மேல விட்டுக்கும், அது எறங்கும், மறுக்காச் சுருட்டும். எனக்குப் பொறுக்கலை.

"ஏங் கண்ணு, லச்சணமாத்தானே இருக்கறே. அளவா ஒரு சுடிதாரு தைச்சுப் போட்டா என்ன? எதுக்கு இந்த வேசம்?"

"வசதியா இருக்கு மாஸ்டர்."

"வசதிக்கா துணி உடுத்தறது?"

"நீங்க வூட்டுக்குப் போனதும் எதுக்கு லுங்கி கட்டறீங்க?"

லுங்கியும் அதுவும் ஒண்ணுங்களா, சொல்லுங்க. ஆம்பளை வேலை செஞ்சுட்டு வர்றான், காத்தாட இருக்கோணும், கட்டறான். பேசிப் பிரயோசனமில்லைன்னு விட்டுட்டேன்.

நான் வெட்டுன ஆயிரத்தி நூறையும் காதர்பேட்டையில ஒரு ஏவாரிக்குத் தள்ளி விட்டாங்க. அங்கயாச்சும் அருமை தெரியும்னு பாத்தா, அந்த ஆளு ஒரு வாரத்துல போன் பண்றான், இதே துணியில பெரிய சைஸா இருந்தாக் குடுங்க, காலேஜ் புள்ளைங்க அதையத்தான் கேக்கறாங்க, இதைய ஒருத்தரும் தொடலைன்னு. நாடே கெட்டுப் போச்சுங்க. என்னைய ஆம்பளைங்க பனியன் பக்கம் மாத்தீட்டாங்க. ஆம்பளை பனியன்ல என்னங்க இருக்குது? மேல மூணு ஓட்டை, கீழ ஒரு ஓட்டை.

இதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்லைங்க. அந்தக் கருமம் என்ற வூட்டுக்குள்ளயே வந்துபோட்டுது. கொண்டு வந்தவனும் நாந்தான்.

அந்தப் பெரிய சட்டையில ஒண்ணு, மெசின் எண்ணெய் பட்டு வீணாப் போனது. கருப்பு. வண்டி தொடைக்க ஆகும்னு மடிச்சு எடுத்துட்டு வந்து ஸ்கூட்டர் சீட்டு மேல போட்டு வெச்சேன். ரெண்டு நாளு கழிச்சு வூட்டுக்கு வர்றேன், என்ற பொண்டாட்டி கொல்லையில துணி காயப் போட்டுட்டு நிக்கறா. பாவாடைக்கு மேல அந்தச் சட்டை. வண்டி தொடைக்கக் கொண்டாந்த சட்டைங்க! தொடை வரைக்கும் தொங்குது. கழுத்து ஒரு பக்கம் சாஞ்சு கெடக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

தனபாக்கியம்னு பேருங்க அவளுக்கு. பையன் ஓசூர்ல வேலையில இருக்கறான், நாங்க ரெண்டு பேருதான் வூட்ல. அவளுக்கு ஏழெட்டு மாசமா வலது தோள் புடிச்சுட்டு இருந்துச்சு. கையத் தலைக்கு மேல தூக்க முடியாது. தலை சீவறதுக்குப் பக்கத்து வூட்டுப் பொம்பளையக் கூப்புடுவா. டாக்டரம்மாகிட்டப் போனம். தோள் இறுகிப் போச்சு, பயிற்சி பண்ணுங்க, கொஞ்ச நாளைக்கு இறுக்கமா ஜாக்கெட் போடாதீங்கன்னுச்சு. அந்தம்மாவே தொளதொளன்னு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டிட்டு ஒக்காந்திருக்குது, அது என்ன சொல்லும்? நான் காதுல போட்டுக்கலை.

கொல்லையில என்னையப் பாத்ததும் சிரிக்கறா. "ஏனுங்க, இங்க பாருங்க, கை மேல போகுதுங்க"ன்னு ரெண்டு கையும் கொடி வரைக்கும் தூக்கிக் காட்டறா. சின்னப் புள்ளையாட்டம்.

"கை போகுது சரி. மானம் போகுதே"ன்னேன். "தெருவுல எவனாச்சும் பாத்தா என்னைய என்ன நெனைப்பான்? மாஸ்டர் பொண்டாட்டி கோணிப்பையச் சுத்தீட்டு நிக்கறாம்பான். போயி ஜாக்கெட்டப் போடு."

அவ கைய எறக்கிட்டா. போடலை. சட்டையையுங் கழட்டலை.

ஜாக்கெட்டப் பத்தி உங்களுக்குச் சொல்லோணும். எங்களுக்குக் கண்ணாலமாயி இருபத்தேழு வருசமாச்சு. பேசி முடிச்சதும், ஜாக்கெட்டு நானே தைச்சுத் தர்றேன்னு அவுங்கம்மாகிட்ட அவளோட அளவு ஜாக்கெட்ட வாங்கிட்டு வந்து, அதைய வெச்சு ஒரு அட்டை வெட்டுனேன். அந்த அட்டை இன்னைக்கும் எங்கிட்ட இருக்குதுங்க. ஓரம் பிஞ்சு போயித் துணி ஒட்டி வெச்சிருக்கறேன். இருபத்தேழு வருசமா அவளுக்கு ஒரு ஜாக்கெட்டு வெளிய தைச்சதில்லை. எல்லாம் அந்த அட்டையில வெட்டுனது. ஒரு நூல் மாறாது. எந்தப் புருசன் செய்வான்? நடுவுல ஒடம்பு சித்தெ போட்டுச்சு, புள்ளை பொறந்தா போடறதுதான். அதுக்காக அளவப் பெருசு பண்ணிக் குடுத்தா ஒடம்பு இன்னும் ஏறிக்காதுங்களா? துணிதான் ஒடம்பக் கட்டி வெக்கோணும். அதுதான் என்ற கணக்கு.

அன்னைக்கு ராத்திரி சோறு போட்டுட்டு எதுத்தாப்புல ஒக்காந்தா. "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்களா?"ன்னா.

"சொல்லு."

"நீங்க தைச்சுக் குடுக்கற ஜாக்கெட்டு எதுவுமே எனக்குச் சேர்றதில்லைங்க. பிரிச்சுத்தான் போடறேன்."

"எதையப் பிரிச்சு?"

"ரெண்டு பக்கமும். நீங்க வேலைக்குப் போனதும் பிரிச்சு, உள்ள மடிச்ச துணிய வெளிய எடுத்துக் கையில தைச்சுக்குவேன். அப்பவும் கக்கத்துல அறுக்கும். மேல் ஊக்க எடுத்து விட்டுட்டு முந்தானைய இழுத்து மூடிக்குவேன்."

எந்திரிச்சுப் பீரோவத் தெறந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். எல்லாத்துலயும் கை வெச்சிருக்கறா. என்ற தையல, எலி கடிச்ச மாதிரி பிரிச்சு, கோணக் கோண ஓட்டி வெச்சிருக்கறா. கலர் மாறுன நூலு வேற. பச்சை ஜாக்கெட்டுல கருப்பு நூலு. வேற ஒருத்தன் எம் முன்னால நின்னு என்னைய அடிச்சிருந்தாக்கூட அத்தனை வலிச்சிருக்காதுங்க.

"எத்தனை வருசமா?"ன்னேன்.

"பையன் பொறந்ததுல இருந்து."

"ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"சொன்னனுங்க. ஒவ்வொரு தீவாளிக்கும் சொன்னேன். ஒடம்பக் கொறைன்னீங்க. ஒரு வருசம் காத்தால வெறும் வவுத்துல இருந்தேன். மயங்கி விழுந்தனே, நெனப்பில்லீங்களா?"

விழுந்தா, நெனப்பிருக்குது. ரத்தம் பத்தாம விழுந்தா. அதுக்கும் ஜாக்கெட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? பொம்பளைங்க எதையயோ எதுலயோ கொண்டு போயி முடிச்சுப் போடுவாங்க.

அதுக்கப்பறம் அவளுக்குத் துணிச்சல் வந்துபோச்சு. சேலைக்கே அந்தச் சட்டையப் போட ஆரம்பிச்சுட்டா. நெசமாலுமே சொல்றேன். ஜாக்கெட்டுக்குப் பதிலா டீ-சர்ட்டு, அதுக்கு மேல சேலை. முழங்கை வரைக்கும் கருப்புக் கை. அதோட மளிகைக் கடைக்குப் போறா, மாரியம்மன் கோயிலுக்குப் போறா. தெருவுல நாலு பொம்பளைங்க காறித் துப்புவாங்க, அப்பத்தான் புத்தி வரும்னு இருந்தேன். துப்பலைங்க. எங்க வாங்குனது, காத்தாட இருக்குதா, எங்களுக்கும் ஒண்ணு கெடைக்குமான்னு கேட்டுட்டு வூட்டுக்கு வர்றாங்க. மேல் வூட்டுப் பொம்பளை ஒருத்தி எங்கிட்டயே கேட்டுச்சு, "அண்ணா, உங்க கம்பெனியில சொல்லி நாலு எடுத்துக் குடுங்க"ன்னு. செருப்ப மாட்டிட்டு வெளிய போயிட்டேன்.

ஒரு நாளு அவளே கேட்டா. "எண்ணெய்க் கறை போகவே மாட்டேங்குது. இதே மாதிரி புதுசா ஒண்ணு உங்க கையாலயே தைச்சுக் குடுங்களேன்"னு. எத்தனை பிரியமாக் கேட்டாங்கறீங்க. ஆனா என்ற கையி அந்த அசிங்கத்த மறுக்கா வெட்டுமுங்களா? "செத்தாலும் வெட்ட மாட்டேன்"னுட்டேன். அவ திருப்பிக் கேக்கலை. ஒரு பத்து நாளு பேச்சு வார்த்தையில்லை. சோறு வரும், தண்ணி வரும், பேச்சு வராது.

சரி, பெரிய மனுசன் நாமதான் எறங்கிப் போகோணும்னு நானே எறங்கிப் போனேன். அவ தங்கச்சி மகளுக்கு நாளைக்கு ஈரோட்டுல கண்ணாலமுங்க. அதுக்கு அரக்குல ஒரு பட்டுச் சேலை எடுத்தேன். ரெண்டு நாளு லீவு போட்டு ஒக்காந்து ஜாக்கெட்டு தைச்சேன். கழுத்துக்குக் கயிறு, கைக்குச் சரிகை, உள்ள லைனிங்கு. இப்படி ஒண்ண நான் இத்தனை வருசத்துல தைச்சதில்லை. அட்டைய எடுத்து வெச்சு வெட்டறப்ப கண்ணுல தண்ணியே வந்துபோச்சு. குடுத்தேன். வாங்கிப் பாத்தா. சரிகையத் தடவிப் பாத்தா. "நெம்ப நல்லா இருக்குதுங்க"ன்னா. அதோட எல்லாஞ் சரியாப் போச்சுன்னு நான் நிம்மதியாத் தூங்குனேன்.

வேலைக்கு ஒத்தாசையா இருக்கோணும்னு நாலு நாளைக்கு முன்னாலயே அவ ஈரோட்டுக்குப் போயிட்டா. இன்னைக்குக் காத்தால நான் கெளம்பறதுக்கு வேட்டி எடுக்கலாம்னு பீரோவத் தெறக்கறேன், சேலையக் காணோம், ஜாக்கெட்டு அப்படியே இருக்குது. மடிச்ச மடிப்புக் கலையாம. கண்ணால வூட்டு அவசரத்துல மறந்து போட்டா பாவம். இதா, மடியில வெச்சிருக்கனே, இந்தப் பொட்டலந்தான். கசங்கிரக் கூடாதுன்னு பைக்குள்ள வெக்கலை.

பஸ் ஸ்டாண்டுல ஏறறதுக்கு முன்னால போன் போட்டேன். "ஏ புள்ள, ஜாக்கெட்ட மறந்துட்டுப் போயிட்டே, நான் கொண்டாறேன்"னேன்.

பின்னால பாத்திரம் உருட்டற சத்தம், பொம்பளைங்க பேசற சத்தம்.

"மறக்கலைங்க"ன்னா. "இங்க ஒரு அம்மாகிட்டத் தைக்கக் குடுத்துட்டேன். நேத்தே வந்துபோச்சு. போட்டுப் பாத்தேன், நல்லாச் சேருதுங்க."

"அட்டை எங்கிட்ட இருக்குது, அளவு ஜாக்கெட்டும் இல்லை, எதைய வெச்சுத் தைச்சா?"

"டேப்பு வெச்சு அளந்தாங்க. கையத் தூக்கச் சொல்லி, மூச்சு இழுத்து விடச் சொல்லி, மெதுவா அளந்தாங்க. வலிக்குதாம்மான்னு கேட்டுக் கேட்டு அளந்தாங்க."

எனக்குச் சுருக்குனுச்சுங்க. "வேத்து ஆளு அளக்கறப்ப உனக்கு ஒரு மாதிரியா இல்லியா?"ன்னு கேட்டேன்.

"கூச்சமாத்தானுங்க இருந்துச்சு. இதுவரைக்கும் என்னைய யாரும் அளந்ததே இல்லையே"ங்கறா.

கேட்டீங்களா பேச்ச? ஒரு கட்டிங் மாஸ்டர் பொண்டாட்டி பேசற பேச்சுங்களா இது?